உறுதி பார்த்து வந்த பாம்பு

பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற சிறு நகரத்தில், ஹைம் என்று சொல்லும் அகதி விடுதிக்கு, 1984ஆம் ஆண்டு மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு யாழ்ப்பாணத்து நல்லபாம்பு ஒன்று வந்து சேர்ந்தது. படியேறி இரண்டாம் மாடிக்கு வந்து, ஆறு கதவுகளைக் கடந்து, ஏழாவது கதவின் கீழ் இடுக்கால் உள்ளே போனது. அது புஸ்பவதியும் அவளுடைய புருசன் கதிர்காமநாதனும் இரண்டு பிள்ளைகளும் இருந்த அறை. புஸ்பவதி அப்போது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். பாம்பு அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சுவரோரமாக ஊர்ந்துபோய், ஹைசுங் என்று அந்நாட்டார் சொல்லும் சூடாக்கிக்குப் பின்னால் சுருண்டுகொண்டது. அதன் வயிற்றில் செம்மண் ஒட்டியிருந்தது. அந்த நிறத்தில் மண் சுற்றுவட்டாரத்தில் எங்கும் கிடையாதென்று கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் எறிக்கே பிறகு ஒத்துக்கொண்டார்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஹைமில் இருந்ததோ படைக்குப் பயந்து ஓடிவந்த நாற்பத்தாறு பேர். ஆகவே அவர்கள் நடுங்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதிர்காமநாதன் இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் ஏறி நின்று கூட்டுகிற தும்புத்தடியை ஓங்கினார். கீழே நின்றவர்கள் "அடியுங்கோ, அடியுங்கோ" என்றார்கள். தாங்கள் அடிக்க ஒருவரும் முன்வரவில்லை. அப்போதுதான் முதலாம் மாடியிலிருந்து இன்னாசித்தம்பி ஏறி வந்தார். இவர் ஊரில் பெரியாஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருசம் அற்றென்டனாக இருந்தவர். பாம்பு கடித்து வந்தவர்களைக் கட்டிலுக்குத் தூக்கித் தூக்கியே முதுகு வளைந்த மனிதர். "தம்பி, அந்தத் தும்புத்தடியைக் கீழை வையும்" என்றார். "கடிபட்டு வந்ததுகளிலை முக்கால்வாசி அடிக்கப் போனதுகள்தான். சும்மா கிடக்கிறதைச் சும்மா விடுங்கோ."

அன்று அவர் செய்து காட்டிய முறைதான் பிறகு அந்த ஹைமின் சட்டமாயிற்று. முதலில் பிள்ளைகளைக் கையில் பிடித்து, ஓடாமல், நடத்திக்கொண்டு வெளியே போக வேண்டும். ஓர் ஆள் மட்டும் இரண்டு பாகத் தூரத்தில், பன்னிரண்டு அடி தள்ளி, நின்று பாம்பில் கண் வைத்திருக்க வேண்டும். அவர் வேறொன்றும் செய்யக் கூடாது, வீரம் பேசவும் கூடாது. மற்றக் கதவுகளின் இடுக்குகளில் ஈரத் துவாயைச் சுருட்டி அடைக்க வேண்டும். பழைய அடுப்புக் குழாய்த் துண்டொன்றின் ஒரு வாயில் தலையணை உறையைக் கட்டி, மற்ற வாயைப் பாம்பின் பக்கமாகச் சுவரோரம் வைத்துவிட்டுப் பின்னால் வந்துவிட வேண்டும். பாம்புக்கு இருட்டுப் பொந்து என்றால் கொள்ளை ஆசை. தானாகவே உள்ளே போகும். எப்போது போகும் என்று கேட்கக் கூடாது. அன்று நாற்பது நிமிசம் எடுத்தது. அந்த நாற்பது நிமிசமும் மேல்கட்டிலில் நின்ற கதிர்காமநாதனுக்கு இறங்க வழி தெரியவில்லை.

தீயணைக்கும் படையிலிருந்து நாலு பேர் தோல் கையுறை போட்டுக்கொண்டு வந்தார்கள். உறையோடு மூடி போட்ட வாளியில் இறக்கியிருந்த பாம்பை முப்பது கிலோமீற்றர் தள்ளியிருந்த மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் காலை பத்தரை மணிக்கு அது மறுபடி படியேறி வந்தது. மறுபடி கொண்டுபோனார்கள், மறுபடி வந்தது. நாலாம்தரம் போன் எடுத்தபோது, எங்கேயாவது நெருப்புப் பிடித்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதம் நடுப்பகுதியில் புஸ்பவதிக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய வீடு எரிந்துவிட்டது. சுவர் மட்டும் நிற்கிறது. எரிந்த திகதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார்கள். வீடு எரிந்து பதினோராம் நாள் பாம்பு வந்திருக்கிறது. கடிதம் வர ஆறு கிழமை எடுத்திருக்கிறது.

வீட்டுத் தலைவன் என்ற முறையில் பாம்பு தன்னிடம்தான் வந்ததென்று கதிர்காமநாதன் கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தார். பாம்போ அவர் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. புஸ்பவதி குசினிக்குப் போனால் குசினி வாசல் மட்டும் போகும். அவள் திரும்பினால் திரும்பும். காரணத்தை அவளே ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள்: "வீடு என்ரை சீதனமெல்லோ. உறுதியிலை என்ரை பேர்தானே கிடக்கு." அதோடு விசயம் வெளித்தது. யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். கட்டினவன் அதில் குடியிருக்கலாம், கிணறு இறைக்கலாம், கூரை மேயலாம், வாசலில் நின்று சத்தமும் போடலாம். ஆனால் நொத்தாரிசு எழுதிய வீட்டுப் பத்திரமான உறுதியில் பேர் அவளுடையது. வீடு இல்லாமற் போனால் வீட்டில் குடியிருந்த பாம்பு உறுதியில் பேர் உள்ளவரைத் தேடி வரும். அவர் இல்லையென்றால் அவருக்கு அடுத்த உரித்துக்காரரிடம் வரும்.

இந்தக் கடைசி வரியை அவர்கள் கற்றுக்கொண்டது தம்பித்துரை என்ற பொடியனால். அவன் குடும்பத்து வீடு தாயின் பேரில் இருந்தது. செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை சாரைப்பாம்பு ஒன்று பெடியள் படுக்கிற பெரிய அறைக்கு வந்து, பதினொரு கட்டிலையும் தாண்டி அவனுடைய கட்டிலடியில் படுத்தது. அவன் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். கடிதம் ஒக்டோபர் கடைசியில் வந்து, அவன் அழுதது சரியென்று சொன்னது. அதற்குப் பிறகு பெரிய அறையில் படியேறும் சத்தம் கேட்டால் ஒருவரும் வாசலைப் பார்ப்பதில்லை.

மற்றதெல்லாம் வழமைக்கு வந்துவிட்டது. வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பாம்புகளை எண்ணிக்கொண்டு போனார். அவற்றுக்குத் தனியாக அகதி அந்தஸ்துக் கோர நியாயம் எதுவும் காணப்படவில்லை. இருந்தாலும் திருப்பி அனுப்பவும் வழியில்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதத்துக்கொருதரம் புதுப்பிக்கிற டுல்டுங் கடதாசி கொடுத்தார்கள். பொறுத்துக்கொள்கிறோம் என்று அதற்கு அர்த்தம்; ஹைமில் அநேகமான மனிதர்களிடமும் அதே கடதாசிதான் இருந்தது. புஸ்பவதி வெள்ளிக்கிழமைகளில் நாகதம்பிரானுக்கென்று பாலும் முட்டையும் வைத்தாள். இன்னாசித்தம்பி தலையில் அடித்துக்கொண்டார். "தங்கச்சி, பாம்பு பால் குடிக்காது. எலிதான் குடிக்கும்" என்றார். சொன்னபடியே எலி வந்தது. எலியைத் தேடி பக்கத்துக் காட்டிலிருந்து அந்நாட்டுப் பாம்பு ஒன்றும் வந்தது. அதற்கு உறுதியும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. பிறகு அவள் பாலை வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தானே குடித்தாள். 1989இல் ஹைமை மூடியபோது அங்கே பத்தொன்பது பாம்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன்னுடைய ஆளோடு வாடகை வீட்டுக்குப் போயிற்று. அந்த ஐந்து வருசத்தில் ஒருவரும் கடிபடவில்லை. பூனை ஒன்று கடிபட்டது; அது அடிக்கப் போனது.

இதுவரை சொன்னது முற்றம் கூட்டினது மட்டும்தான். கதை நித்தியானந்தனுடையது. அவன் 1983 நவம்பரில் கிழக்கு பெர்லினில் இறங்கி, நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயிலில் மேற்குக்கு வந்தவன். வயது இருபத்தாறு. பருத்தித்துறைப் பக்கம் ஊர். தாய் அவனுடைய பன்னிரண்டு வயதில் போய்விட்டாள், தகப்பன் பதினெட்டில். வளர்த்தது அக்கா சியாமளா. அவனைவிட ஏழு வயது மூத்தவள். அவளுக்குப் பதினெட்டு முடிந்த கையோடு தகப்பன் வீட்டை அவள் பேரில் எழுதிவைத்தார், நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்கலாமென்று. வந்த சம்பந்தம் நாலும் ஒவ்வொரு நொட்டை சொல்லிக்கொண்டு போயிற்று. ஒன்றுக்கு வீடு சிறிது, ஒன்றுக்குப் பெண் உயரம். அவள் அந்த வீட்டிலேயே தையல் மெசினோடு இருந்தாள். தம்பிக்குச் சட்டை தைத்தாள், அவன் வெளிநாட்டுக்குப் போக வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்று அனுப்பியும் வைத்தாள்.

1984 செப்டெம்பரில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருக்கிற மரியதாசன் என்பவரைக் கட்டப்போகிறேன், நல்ல மனிதர், நீ ஓமென்று சொன்னால் சந்தோசம் என்று எழுதியிருந்தாள். மரியதாசன் வேதக்காரர்; கிறிஸ்தவர்களைச் சைவக் குடும்பங்கள் அப்படித்தான் சொல்லும். கரையோரத்துச் சாதி ஆள் என்பது அதற்கு மேலே. நித்தியானந்தனுக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. அவனைக் கட்டினால் எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை, செத்துப்போனா என்று நினைத்துக்கொள்வேன் என்று நீல விமானக் கடிதத்தில் எழுதி, ஓரத்தை நக்கி ஒட்டினான். தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வந்து இன்னாசித்தம்பி ஆக்கின மீன்குழம்போடு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டான். அவரும் வேதக்காரர்தான், கரையோரத்து ஆள்தான். அது அவனுக்கு ஏனோ அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

பதில் வரவில்லை. ஒக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று. பருத்தித்துறைப் பக்கம் செல் குண்டு விழுகிறதென்று பிபிசி சொன்னது. கோபம் தணிந்த இடத்தில் பயம் வந்து குந்திக்கொண்டது. வீடு அக்காவின் பேரில்; அக்காவுக்குப் பிறகு அவன்தான். ஆகவே பாம்பு அவனிடம் வருமானால் அக்கா இல்லை. வராவிட்டால் அக்கா இருக்கிறாள். இவ்வளவுதான் அவனுடைய கணக்கு. அதில் ஒருவராலும் பிழை பிடிக்க முடியவில்லை. அவன் பாம்பை வரவிடுவதில்லையென்று முடிவெடுத்தான். கதவிடுக்கில் துவாய் சுருட்டி ஆணியடித்தான். சூடாக்கிக் குழாய் சுவருக்குள் போகிற ஓட்டையைச் சீமெந்தால் பூசினான். காற்று வருகிற துவாரத்துக்கு நுளம்புக் கம்பிவலை அடித்தான். அவனோடு அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் மூச்சுத் திணறிப் பெரிய அறைக்குப் போய்விட்டார்கள். இன்னாசித்தம்பி வந்து பார்த்தார். வேலை திறம் என்பதை அவரால் மறுக்க முடியவில்லை.

"தம்பி, உதெல்லாம் பாம்பை மறிக்கத்தான். அது வராட்டி வீடு நிக்குது எண்டில்லை" என்றார்.

"நிக்கும் அண்ணை" என்றான் நித்தியானந்தன். அவர் சீமெந்து காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

1985 தை மாதத்தில் அந்தப் பக்கத்தில் குளிர் சைபருக்குக் கீழே இருபதுக்குப் போனது. ஆற்றில் ஐஸ் கட்டியது. ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு நல்லபாம்பு ஒன்று படியேறி வந்து நித்தியானந்தனுடைய கதவை மேலும் கீழும் பார்த்தது. துவாயைத் தள்ளிப் பார்த்தது. பிறகு நடை வழியின் கடைசியில் யாரோ சிகரெட் குடிக்கத் திறந்து வைத்திருந்த யன்னலால் வெளியே போய், சுவர் விளிம்பால் ஊர்ந்து, அவனுடைய யன்னலின் வெளித்தட்டில் பனிக்கு மேலே சுருண்டு படுத்தது. நித்தியானந்தன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தான். அதற்கு வால் நுனி இல்லை. ஏழு வயதில் அவன்தான் குசினிக் கதவை அடித்துச் சாத்தி அதை நறுக்கினவன். அக்கா அன்றைக்கு அவன் முதுகில் இரண்டு போட்டு, பாம்பு திரும்பவும் வந்து பழிவாங்கிவிடுமோ என்று ஒரு கிழமையாக அவனைத் தன்னோடு படுக்கவைத்தாள்.

அவன் திரைச்சீலையை இழுத்து விட்டான். வால் அறுந்த பாம்பு ஊரில் எத்தனையோ இருக்குமென்று சொன்னான். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் திரையை விலக்கினான். பாம்பு படமெடுத்தபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது, செதிலெல்லாம் உறைபனி. மூன்றாம் நாள் அதன் தலை தாழ்ந்துவிட்டது. கீழே முற்றத்தில் நாற்பது பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஹவுஸ்மைஸ்டர் ஏணி கொண்டு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாமென்று தலையை ஆட்டினார்கள். திறக்க வேண்டிய ஆள் உள்ளே இருந்தான். இன்னாசித்தம்பி கதவுக்கு வெளியே ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தார்.

"அது விறைச்சுச் சாகப்போகுது."

"சாகட்டும்."

"எத்தினை கடல் தாண்டி வந்தது. உன்ரை அக்கா வந்து பனிக்குள்ளை நிண்டாலும் உப்பிடித்தான் விடுவியோ?"

பிறகு உள்ளேயிருந்து ஓ என்று ஒரு அழுகை கேட்டது. அடக்கி வைத்து வருகிற அழுகையல்ல. சின்னப்பிள்ளை விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டு அழுகிற மாதிரி. ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது, கதவு திறந்தது. அவன் யன்னலைத் திறந்து நேரே கையை நீட்டப் போனான். இன்னாசித்தம்பி சட்டையில் பிடித்து இழுத்தார். "விசரா, விறைச்ச பாம்பும் கடிக்கும். தட்டை எடு." கேக் சுடுகிற இரும்புத் தட்டைத் தும்புத்தடியில் கட்டி, தடி எட்டுகிற தூரத்தில் நின்று, பாம்புக்குக் கீழே மெல்ல நுழைத்து, ஆடாமல் உள்ளே எடுத்துச் சூடாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நித்தியானந்தனுக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கை ஆடவில்லை. மாலையளவில் பாம்பு அசைந்தது. அதன் வயிற்றிலிருந்த செம்மண் உருகித் தரையில் வழிந்தது, அவன் அதைத் துடைக்க விடவில்லை.

தந்தி அடித்தான். ஊரில் தபாற்கந்தோர் பூட்டியிருக்கிறதென்று பதில் வந்தது. மற்றதை ஹைம் பார்த்துக்கொண்டது. கதிர்காமநாதனுக்குத் தேவாரமும் கிரியையும் ஓரளவு தெரியும். தெரியாததைச் சத்தமாகச் சொல்லிச் சமாளித்தார். எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு வடை சுட்டு, பாயாசம் காய்ச்சி, அக்காவுக்குப் பிடித்த முருங்கைக்காய்க்கு பிராங்பேர்ட் முழுக்க அலைந்து, கிடைக்காமல் போஞ்சிக்காய்க் குழம்பு வைத்துப் படைத்தார்கள். முப்பத்தோராம் நாள் நித்தியானந்தன் மொட்டையடித்துக்கொண்டு மைன் ஆற்றங்கரையில் ஐசை உடைத்து முழுகி அந்தியேட்டி செய்தான். ஹவுஸ்மைஸ்டர் எறிக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றார். பிறகு தன்னுடைய கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினார். அக்காவின் படம் ஒன்றுக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டி, கீழே சின்னச் சிவப்பு பல்ப் எரியவிட்டார்கள்.

பாம்பு வந்ததிலிருந்து ஏழு மாதம் அவன் அதோடு இருந்தான். ஹைமில் அவ்வளவு நன்றாகப் பார்க்கப்பட்ட பாம்பு வேறில்லை. மடித்த கம்பளி, ஒரு கோப்பை தண்ணீர், குப்பை கூளம் இல்லாத அறை. காலையில் எழும்பி இரண்டு பாகத் தூரத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, அப்படி எழுதியிருக்கக் கூடாது அக்கா, என்னை மன்னியுங்கோ என்று சொல்வான். செத்துப்போனா என்று நினைத்துக்கொள்வேன் என்று எழுதின கையை மற்றக் கையால் பிசைந்துகொண்டு சொல்வான். பாம்பு கேட்டதா என்பதைச் சொல்ல முடியாது. இன்னாசித்தம்பியின் கருத்துப்படி அதற்குக் காது இல்லை. மரியதாசன் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்று நினைத்தான். விலாசம் தெரியவில்லை. அந்த மனிதரின் முழுப்பேரைக்கூடக் கேட்டு வைக்கவில்லையென்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஓகஸ்ட் மாதம் ஒரு பின்னேரம், பச்சைச் சேலை கட்டின உயரமான பெண் ஒருத்தி ஒரு பயணப் பையோடு ஹைமின் கேற்றைத் திறந்துகொண்டு வந்தாள். முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த புஸ்பவதி, அந்த முகத்தை எங்கே பார்த்தோமென்று யோசித்தாள். மாலை போட்ட படத்தில் பார்த்தது நினைவுக்கு வந்ததும் கையிலிருந்த ஈர உடுப்பெல்லாம் புல்லில் விழுந்தது. வாசல்படியில் இருந்த இன்னாசித்தம்பி எழும்பினார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவர். ஆனாலும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

"பிள்ளை, நீங்கள் நித்தியின்ரை அக்காவெல்லோ?"

"ஓம். தம்பி இருக்கிறானோ?"

"இருக்கிறான். ஆனால் நீங்கள் செத்து ஏழு மாசம்."

சியாமளா பையைக் கீழே வைத்தாள். "அப்பிடியோ" என்றாள். "எட்டுக்கு வடை சுட்டதோ?"

"சுட்டது. நல்ல வடை. நான் அஞ்சு சாப்பிட்டனான்" என்றார் இன்னாசித்தம்பி, பொய் சொல்லத் தெரியாமல்.

நித்தியானந்தன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். கதவில் அவளைக் கண்டதும், பயந்தால் செய்யச் சொல்லிப் பழக்கியிருந்ததைத்தான் செய்தான்: அசையாமல் நின்றான், கண்ணை எடுக்கவில்லை. அவள் அறைக்குள் வந்து சுவரைப் பார்த்தாள். "உந்தப் படம்தானோ கிடைச்சது? அதிலை எனக்குக் கண் பூஞ்சிப்போய்க் கிடக்கு" என்றாள். அப்போதுதான் அவன் பாய்ந்து அவளுடைய காலைக் கட்டிக்கொண்டான். அவள் அவன் தலையைத் தடவி, மொட்டையடித்த முடி இன்னும் சரியாக வளராமல் நிற்பதைக் கண்டு, ஏனென்று விளங்கி, தானும் அழுதாள். பாம்பு கம்பளியிலிருந்து இறங்கி வந்து அவளுடைய சேலைக் கரையை முகர்ந்தது. ஒரு கணம் தலையை ஆட்டிவிட்டு விலகிப்போய், திறந்திருந்த கதவடியில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது.

"வீடு இல்லைத்தானே அக்கா?"

"இல்லை. நாங்கள் வெளிக்கிட்டுக் கொழும்புக்கு வந்தாப் பிறகு விழுந்தது. ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

"அப்ப உது ஏன் என்னட்டை வந்தது? உங்களிட்டையெல்லோ போயிருக்கோணும்."

சியாமளா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "வீடு உன்ரை பேரிலைதான் கிடக்கு. கலியாண எழுத்துக்கு முதல் நாள் நொத்தாரிசிட்டைப் போய் உனக்கு எழுதினனான். அவர் சீதனம் ஒரு சதமும் வேண்டாம் எண்டிட்டார். பிறகு எனக்கென்னத்துக்கு வீடு? நீதான் ஒண்டுமில்லாமல் அந்தரிச்சுப்போய்க் கிடக்கிறாய். சித்தப்பன் எண்ட முறையிலை குஞ்சியப்பு உனக்குப் பதிலாக் கையெழுத்து வைச்சவர். நீ கோபத்திலை இருக்கிறாய், எழுதினால் கடிதத்தைக் கிழிச்சுப் போடுவாய், நேரிலை சொல்லுவம் எண்டு விட்டிட்டன்."

நடைவழியில் கூடி நின்றவர்கள் எல்லோரும் இதைக் கேட்டார்கள். பாம்பு ஒன்று பாஸ்போர்ட் இல்லாமல் கடலும் மலையும் தாண்டி, பனிக்குள் படியேறி, பேர் பார்த்து ஆள் பார்த்து வந்ததை நாற்பத்தாறு பேரும் ஒரு நாளில் நம்பினார்கள். அதற்கு டுல்டுங் எடுத்தும் கொடுத்தார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு மாப்பிள்ளை சீதனம் வேண்டாமென்பான், ஒரு பெண் தன்னுடைய வீட்டைத் தம்பிக்கு எழுதிவைத்துவிட்டுக் கட்டின சேலையோடு போவாள் என்பது ஏழு மாதத்தில் அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா செத்திருப்பாள் என்று நினைப்பதுதான் அவர்களுக்கு லேசாக இருந்தது. கதிர்காமநாதன், "உண்மையாகவோ, ஒரு சதமும் வேண்டேல்லையோ?" என்று இரண்டாம்தரமும் கேட்டார். புஸ்பவதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மூன்றாம்தரம் கேட்கவில்லை.

நித்தியானந்தன் எழும்பி முகத்தைத் துடைத்தான். வெட்கம் அவனுக்குக் காது வரைக்கும் ஏறியிருந்தது. செத்துப்போனா என்று எழுதினவனுக்கு அவள் வீட்டை எழுதியிருக்கிறாள். அவனுடைய கடிதமும் அவளுடைய உறுதியும் அநேகமாக ஒரே கிழமையில் எழுதப்பட்டவை.

"அவர் எங்கை?" என்று கேட்டான்.

"கேற்றுக்கு வெளியிலை நிக்கிறார். நீ எழுதினதை அவரும் வாசிச்சவர். நீ வந்து கூப்பிட்டால்தான் வருவாராம். இல்லாட்டி இப்பிடியே ஸ்டேசனுக்குப் போறாராம்."

அவன் பாம்பைத் தாண்டிக்கொண்டு ஓடினான். கேற்றடியில் நடுத்தர வயதில், கையில் எண்ணெய்க் கறை போகாத ஒரு மனிதர், பஸ் வராத தெருவில் பஸ்சுக்கு நிற்பவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். நித்தியானந்தன் வெறுங்காலோடு அவர் முன்னால் போய் நின்றான். அவருடைய கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"உள்ளை வாங்கோ அத்தான்" என்றான். "கதவடியிலை பாம்பு படுத்திருக்கு, பாத்துக் காலை வையுங்கோ."

மரியதாசன் பார்த்துக் காலை வைத்து உள்ளே வந்தார்.